பேச் நகருக்குத் திரும்பிப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: தேவாலயங்கள், பழைய வீடு, பதிவேடு, கல்லறை

ஹங்கேரியின் தெற்கில், மெச்செக் மலையின் தென்சரிவில் இருக்கிறது பேச். 1956 எழுச்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களும், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெளியேற்றப்பட்ட ஜெர்மன் குடும்பங்களின் வாரிசுகளும், சுரங்கங்கள் மூடியபின் பிழைப்புத் தேடிப் போனவர்களும் இப்போது பிள்ளைகளோடு, மருமக்களோடு ஊர் பார்க்கத் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கும், அந்தக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்டு முதன்முறை கூடப் போகிறவர்களுக்கும் இந்தப் பக்கம்.

ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது? பாட்டியின் காகிதத்தில் வேறு ஏதோ பெயர் இருக்கிறதே?

"பேச்சு" என்று சொல்ல வாயெடுத்து, கடைசி உகரத்தை விழுங்கிவிட்டால் அதுதான் ஊர்ப் பெயர். ஜெர்மன் காகிதங்களில் ஃபுன்ஃப்கிர்ஷன் என்று இருக்கும். "ஐந்து தேவாலயங்கள்" என்று பொருள். லத்தீன் பதிவேடுகளில் குவின்குவே எக்ளேசியே. அதுவும் ஐந்து தேவாலயங்கள்தான். குரோவேசியர்கள் பெச்சுஹ் என்பார்கள். ரோமானியர் காலத்தில் ஊர் சோபியானே. நான்கு பெயரும் ஒரே ஊரைத்தான் குறிக்கின்றன. இணையத்தில் பதிவேடு தேடுகிறவர்கள் ஒரு பெயரை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடுவதுதான் முதலில் நடக்கும் தவறு.

கிளம்பும் முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

நான்கு விவரங்கள் போதும். குடும்பத்துப் பெரியவரின் முழுப் பெயர் ஹங்கேரிய முறைப்படி, அதாவது குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பிறந்த ஆண்டு, ஐந்து ஆண்டு முன்பின் ஆனாலும் பரவாயில்லை. அவர் எந்த மதப்பிரிவு: கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபை, லூத்தரன், யூதர். பதிவேடு எந்தக் கட்டடத்தில் தேடப்படும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. நான்காவது, பழைய தெருப் பெயர், அல்லது எந்தக் கோயில் பங்கு (அந்தக் கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) என்ற நினைவு.

வீட்டில் பழைய புகைப்படம் இருந்தால் அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்து முகங்களை விடப் பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அதிகம் சொல்லும்.

எப்போது போகலாம், எத்தனை நாள் வேண்டும்?

மூன்று முழு நாள். அதில் ஒன்றாவது வேலை நாளாக இருக்கட்டும். பங்கு அலுவலகமும் ஆவணக்காப்பகமும் சனி ஞாயிறில் கிடைக்காது. திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஞாயிறு காலை பேராலயத்தில் திருப்பலி நடக்கும், சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். சனி பிற்பகல் திருமணம் வைப்பார்கள். ஆகவே செவ்வாய் முதல் வியாழன் வரைதான் வசதி. ஆகஸ்ட் 20 புனித இஸ்த்வான் திருநாள், தேசிய விடுமுறை; அன்று கடைகள் அடைத்திருக்கும். மே, செப்டம்பர் மாதங்களில் வெயில் இதமாக இருக்கும்.

புடாபெஸ்டிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு இருபது நிமிட நடை, மெல்லிய ஏற்றம். காரில் வந்தால் எம்6, எம்60 நெடுஞ்சாலைகள். இவற்றில் சுங்கச்சாவடி கிடையாது. முன்கூட்டியே மின்-விக்னெட் என்ற சாலைக் கட்டணச் சீட்டை வாங்க வேண்டும், கேமரா வண்டி எண்ணைப் படித்துவிடும். விக்னெட் வாங்கும்போது வண்டி எண்ணில் ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டினாலும் அபராதத் தாள் வீடு தேடி வரும்.

பணம் ஃபோரிண்ட். அட்டை எல்லா இடத்திலும் செல்லும், ஆனால் மெழுகுவர்த்திக்கும் காணிக்கைப் பெட்டிக்கும் சில்லறை வேண்டும். 1, 2 ஃபோரிண்ட் நாணயங்கள் 2008லேயே போய்விட்டன. ரொக்கமாகக் கொடுத்தால் தொகையை ஐந்துக்கு முழுமையாக்குவார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்பா சொன்ன தெரு வரைபடத்தில் இல்லையே?

இருக்கும், பெயர்தான் மாறியிருக்கும். 1945க்குப் பிறகு ஒருமுறை மாற்றினார்கள், 1989-90க்குப் பிறகு பலவற்றைத் திருப்பி வைத்தார்கள். 1970களில் ஊரை விட்டவர் "கொஷுத் லயோஷ் தெருவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்" என்றால் அது இன்றைய கிராய் உட்ஸா. கிராய் என்றால் அரசன், உட்ஸா என்றால் தெரு. "சல்லாய் தெரு" என்றால் இன்றைய ஃபெரென்ட்ஸெஷெக் உட்ஸாயா, பிரான்சிஸ்கன் துறவிகள் தெரு. ஸேச்சேனி தேர் மட்டும் ஸேச்சேனி தேராகவே இருக்கிறது. சதுக்கத்துக்கு ஹங்கேரிய மொழியில் "தேர்" என்றே பெயர். தமிழ் காதுக்கு இது ஒன்று எளிதாக நின்றுவிடும்.

வீட்டு எண்ணும் மாறியிருக்கலாம். அதனால் எண்ணைத் தேடாமல் மூலையைத் தேடுங்கள்: எந்தக் கோயிலுக்கு எதிர்ச்சாரி, எந்தக் குறுக்குத் தெருவிலிருந்து எத்தனையாவது கதவு. நிலப்பதிவு அலுவலகத்தில் மனைக்குத் தனி எண் உண்டு. தெரு எண்ணை விட அது நிலையானது. பழைய பத்திரம் கையில் இருந்தால் அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஸேச்சேனி தேரிலிருந்துதான். அதன் மேல் பக்கம் நிற்கிறது ஊர்க்காரர்கள் சும்மா "ஜாமி" என்று சொல்லும் கட்டடம். ஜாமி என்றால் பெரிய மசூதி. ஆனால் உள்ளே நடப்பது கத்தோலிக்கத் திருப்பலி. முழுப் பெயர் மெழுகுதிரி அன்னையின் நகரக் கோயில். பிப்ரவரி 2 திருநாளின் பெயர் அது.

இங்கே முதலில் புனித பர்த்தலோமேயு பெயரில் ஒரு இடைக்கால தேவாலயம் இருந்தது. 1543இல் துருக்கியர் ஊரைப் பிடித்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் காஸிம் பாஷா அந்தக் கோயில் கல்லையே எடுத்து மசூதி கட்டினார். 1686இல் துருக்கியர் போனபின் இயேசு சபையார் கைக்கு வந்தது. 1766இல் மினாரை இடித்தார்கள். அடுத்து வந்த சேர்க்கைகளை 1939-42இல் கட்டடக் கலைஞர் கோர்மெந்தி நாந்தோர் பிரித்தெடுத்து, குவிமாடக் கூடத்தை மறுபடி வெளிக்கொணர்ந்து, பின்புறம் அரைவட்டமாக ஒரு புது இணைப்பைக் கட்டினார். குவிமாடத்தின் உச்சியைப் பாருங்கள்: பிறைமேல் சிலுவை.

நேரில் நின்று கவனிக்க வேண்டியவை சில. சதுக்கத்தின் எல்லாக் கட்டடமும் தெருவை ஒட்டி நேராக நிற்க, இது மட்டும் கோணலாக நிற்கும். மக்கா இருக்கும் தென்கிழக்குத் திசைக்குத் திருப்பிக் கட்டியதால் வந்த கோணல் அது. நானூறு ஆண்டுகளில் யாராலும் அதை நேராக்க முடியவில்லை. உள்ளே தென்கிழக்குச் சுவரில் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசை காட்டும் மாடம், அப்படியே இருக்கிறது, பூச்சுக்கடியிலிருந்து மீட்ட அரபு எழுத்தோடு. ஜன்னல்கள் வெங்காய நுனி போலக் கூர்ந்து முடியும். வாசலுக்கு உள்ளே காலெடுத்து வைத்ததும் கிறிஸ்துவச் சிற்பத்தைத் தேடும் கண்ணுக்கு முதலில் வெறும் வெளிதான் தெரியும். இரண்டு நிமிடம் பெஞ்சில் உட்காருங்கள், பிறகுதான் கூடத்தின் அளவு பிடிபடும்.

இந்த ஊரின் எந்தப் பழைய கட்டடமும் ஒரே காலத்தைச் சேர்ந்ததில்லை. "இது மசூதியா கோயிலா" என்று கேட்டுக்கொண்டே நிற்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். எந்தக் கல்லை யார் வைத்தார், யார் எடுத்தார் என்று பார்க்கத் தொடங்கினால் பேச் வேறு ஊராகத் தெரியும்.

துருக்கியர் காலத்து மசூதி வேறு எங்காவது முழுசாக இருக்கிறதா?

ராக்கோட்ஸி சாலையில் யாகோவாலி ஹசன் மசூதி, மினாரோடு சேர்த்து நிற்கிறது. சிறிய கூடம், அரை மணி நேரம் போதும். ஃபெரென்ட்ஸெஷெக் உட்ஸாயாவில் மெமி பாஷா குளியல்கூடத்தின் அடித்தளம் தெருவோரமே திறந்து கிடக்கிறது. அவசரமாக நடந்தால் கண்ணில் படாது.

நாலு கோபுரப் பேராலயம் எவ்வளவு பழையது? பார்க்கப் புதுசாக இருக்கிறதே?

புதுசாக இருப்பது வெளித்தோல். மறைமாவட்டம் 1009இல் புனித இஸ்த்வான் அரசரால் நிறுவப்பட்டது. முதல் கட்டடம் 1064இல் எரிந்தது. அதற்குப் பின் எழுந்ததுதான் இன்றைய பேராலயத்தின் கரு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொல்லாக் மிஹாய் அதற்கு அந்தக் காலப் பாணியில் ஒரு முகப்புக் கொடுத்தார். பிறகு ஆயர் துலான்ஸ்கி நாந்தோர் வியன்னாவிலிருந்து ஃப்ரீட்ரிஷ் ஃபொன் ஷ்மிட்டை அழைத்தார். 1882 முதல் 1891 வரை நடந்த வேலையில், பிந்தைய சேர்க்கைகளை எல்லாம் உரித்து, "11-12ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் இருந்திருக்கும்" என்ற கற்பனையில் புதுக்கல்லால் போர்த்தினார்கள். அதனால்தான் நேர்கோடுகள் அவ்வளவு சுத்தம்.

இதில் நடந்த இழப்பையும் சொல்ல வேண்டும். உண்மையான இடைக்காலச் சிற்பக் கற்கள் பல சுவரிலிருந்து எடுக்கப்பட்டு அவற்றின் இடத்தில் பிரதிகள் வந்தன. எடுத்த கற்கள் பேராலயத்தின் பக்கத்திலேயே கற்சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பேராலயம் பார்த்த அதே நாளில் அதையும் பாருங்கள். உளி பட்ட தடம், பழைய வண்ணத்தின் ஒட்டு, தலை உடைந்த உருவங்கள் எல்லாம் அங்கேதான். இது இல்லாமல் பேராலயத்தைப் பார்த்தேன் என்று சொல்வது எங்கள் கணக்கில் பாதிதான்.

உள்ளே எந்த வரிசையில் பார்ப்பது? வாசலில் நுழைந்ததும் ஓவியங்கள் இருட்டாகத் தோன்றும். சுவர், கூரை, தூண் எல்லாம் வண்ணம். பத்து நிமிடம் கண் பழக வேண்டும். அதனால் நேராகக் கீழே நிலவறைக் கோயிலுக்கு இறங்கிவிடுங்கள். ஐந்து நடைபாதைகள் கொண்ட, குட்டைத் தூண்கள் நிறைந்த கூடம்; கட்டடத்தின் மிகப் பழைய பகுதி. மேலே திரும்பி வரும்போது கண் இருட்டுக்குப் பழகியிருக்கும், செகெய் பெர்டலன், லோட்ஸ் காரோய் இருவரும் வரைந்த சுவரோவியங்கள் தெளியும். கடைசியாக ஆயர் ஸத்மாரி ஜ்யோர்ஜ் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யவைத்த சிவப்புச் சலவைக்கல் நற்கருணைப் பேழை. கை எட்டும் தூரத்தில் நின்று அதன் விளிம்புப் பூவேலையைப் பாருங்கள். துருக்கியர் வருவதற்குச் சற்று முன்னால் இந்த ஊர் எவ்வளவு செழிப்பாக இருந்தது என்பதற்கு அந்த ஒரு கல் போதும்.

தெற்கு முகப்பின்மேல் நிற்கும் பன்னிரு திருத்தூதர்கள் உங்கள் தாத்தா பார்த்தவர்கள் அல்ல. பழைய சிலைகள் பழுதுபட்டு, 1960களில் புதியவை வைக்கப்பட்டன. பழைய அஞ்சலட்டையும் இன்றைய படமும் ஒத்துப்போகவில்லை என்று குழம்பவேண்டாம்.

வெளியே வரும்போது சதுக்கத்தின் மேற்கில் ஆயர் மாளிகை. அதன் மாடத்தில் கைப்பிடிமேல் சாய்ந்து நிற்பது இசையமைப்பாளர் லிஸ்ட் ஃபெரென்ட்ஸின் சிலை; 1846இல் அவர் இந்த ஊருக்கு வந்து ஆயரின் விருந்தினராகத் தங்கினார்.

நிலத்தடிக் கல்லறைகள் பிள்ளைகளுக்குப் புரியுமா?

புரியும், முன்கூட்டி இரண்டு வரி சொல்லிவைத்தால். 4ஆம் நூற்றாண்டு சோபியானேயின் கிறிஸ்துவர்கள் இறந்தவர்களைக் கீழறையில் அடக்கம் செய்து, மேலே நினைவுக் கோயில் கட்டினார்கள். மேலே கட்டியது இடிந்துவிட்டது, கீழே வண்ணம் தப்பிவிட்டது. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பேதுரு-பவுல் அறை 1782லேயே கண்டெடுக்கப்பட்டது. இருவரும் கிறிஸ்துவின் சின்னத்தைக் கைநீட்டிக் காட்டுவார்கள். இன்னொரு அறையில் மாடத்துக்குள் ஒரு மதுக்குடமும் கோப்பையும் வரைந்திருக்கும். பிள்ளைகள் அதைத்தான் கடைசிவரை நினைவு வைத்திருப்பார்கள். ஏழு அரைவட்டங்கள் கொண்ட பெரிய கட்டடத்துக்குள்தான் நுழைவாயில். அது கட்டி முடிக்கப்படவே இல்லை, யாரையும் அதில் அடக்கம் செய்யவும் இல்லை.

ஓவியங்களைக் கண்ணாடிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். மூச்சின் ஈரமும் சூடும் பூச்சில் உப்பைப் பூக்கவைக்கும், பூச்சு உதிரும். அதனால் இந்தக் கட்டுப்பாடு. கோடையிலும் கீழே குளிரும், ஒரு மேல்சட்டை எடுத்துப் போங்கள். படிகள் அதிகம், முட்டிவலி உள்ள பெரியவர்களுக்குச் சதுக்கத்திலேயே இருக்கும் ஆதிக் கிறிஸ்துவ மாளிகைக் கல்லறையைத் தனியாகக் காட்டலாம். ஆதாம் ஏவாளும், சிங்கக் குகையில் தானியேலும் அங்கே.

ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு சின்னக் கோயில் பார்க்க வேண்டுமென்றால்?

இரண்டு. பழைய மதிலுக்கு வெளியே இருக்கும் அனைத்துப் புனிதர் ஆலயம் ஒன்று. துருக்கியர் காலம் முழுக்கக் கிறிஸ்துவர்கள் கையில் விடப்பட்டது இது ஒன்றுதான். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் யூனிடேரியன்களும் ஒரே கூரையைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்று ஹவிஹெஜ் பாறைமேல் நிற்கும் பனிமய அன்னை சிற்றாலயம். ஊரே பார்க்கும் வெள்ளைச் சுவர். 1690களின் கொள்ளைநோயில் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டு கட்டியது. திருநாள் ஆகஸ்ட் 5. தூத்துக்குடி பனிமய மாதா கோயிலின் திருநாளும் அதே நாள்தான். பனியே பார்க்காத கடற்கரையும் இந்த மலையும் ரோமில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரே கோடைக்காலப் பனிப் புதுமையைத்தான் கொண்டாடுகின்றன. ஆலயத்தின் பக்கத்தில் ஒரு பழைய வாதுமை மரம் இருக்கிறது. 2019இல் ஐரோப்பாவின் ஆண்டு மரமாகத் தேர்வானது. மார்ச் மாதத்தில் பூக்கும். ஏற்றம் செங்குத்து, பாதை கற்படி. மழை பெய்த மறுநாள் வழுக்கும்.

யூதத் தொழுகைக்கூடத்துக்குள் போகலாமா?

போகலாம், சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று வேண்டாம். ஆண்கள் தலையை மூட வேண்டும். கொஷுத் தேரில் இருக்கும் இந்தக் கட்டடம் 1869இல் திறக்கப்பட்டது. அதன் ஆர்கன் இசைக்கருவி, இதே ஊரில் பட்டறை தொடங்கிய ஆங்ஸ்டர் யோசெஃபின் முதல் வேலை. பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்கன்களைக் கட்டிய பட்டறை அது. 1944 ஜூலை 4 அன்று பேச் யூதர்கள் ரயிலேற்றப்பட்டு அவுஷ்விட்ஸ் நாஜி கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். இவ்வளவு பெரிய கூடத்தின் வெறுமைக்குக் காரணம் அதுதான். குடும்பத்தில் யூத வேர் இருந்தால், உள்ளே இருக்கும் நினைவுக்குறிப்புகளுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளுத்தாத்தாவின் திருமுழுக்குப் பதிவை எப்படித் தேடுவது?

முதலில் தேதியைப் பாருங்கள். 1895 அக்டோபர் 1க்குப் பிறகு பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவாளரிடம். அதற்கு முன்னால் கோயில் பதிவேடுதான் சட்டப்பூர்வமான பதிவு. ஹங்கேரிய மொழியில் பதிவேட்டுக்குச் சொல் "தாய்ப் புத்தகம்". கேட்கும்போது அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் உடனே விளங்கும்: அன்யக்யோன்வ்.

1828 வாக்கிலிருந்து ஒவ்வொரு பங்கும் இரண்டாம் படி ஒன்றை எழுதி மாவட்ட ஆவணக்காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம். அதனால் பங்கில் புத்தகம் எரிந்து போயிருந்தாலும் படி தப்பியிருக்கலாம். பெரும்பாலானவை நுண்படச் சுருளாக எடுக்கப்பட்டு இணையத்தில் தேடவும் கிடைக்கின்றன. வீட்டிலேயே உட்கார்ந்து இந்தப் பாதியை முடித்துவிட்டு, கிடைக்காததற்கு மட்டும் ஊரில் நேரம் செலவிடுங்கள்.

படிக்கும்போது வழுக்கும் இடங்கள் இவை. 1840கள் வரை லத்தீன்: இஸ்த்வான் ஸ்தெபானுஸ் ஆவார், ஜ்யோர்ஜ் ஜியார்ஜியுஸ் ஆவார், யானோஷ் யோவான்னெஸ் ஆவார். குடும்பப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரே அண்ணன் தம்பிக்கு இரண்டு எழுத்துமுறை இருக்கும். மாதங்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "7பெர்" என்று எண்ணோடு எழுதியிருந்தால் அது ஏழாம் மாதம் ஜூலை அல்ல, லத்தீனில் "செப்தம்" ஏழு என்பதால் செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இதைக் கவனிக்காமல் பிறந்தநாளை இரண்டு மாதம் தள்ளிக் கொண்டாடும் குடும்பங்கள் உண்டு. வீட்டு எண் என்று ஒரு பத்தி வரும். கிராமங்களில் அது தெரு எண் அல்ல, ஊர் முழுவதற்கும் ஓடும் ஒரே வரிசை.

பங்கு அலுவலகத்துக்குப் போகும் முன் இரண்டு மூன்று வாரம் முன்னதாக எழுதுங்கள். ஒரே ஒரு நபர், ஒரே ஒரு பதிவு, பெயர், பெற்றோர், ஆண்டு. "எங்கள் குடும்பம் பற்றி என்ன இருக்கிறது" என்று எழுதினால் பதில் வராது. அங்கே ஒருவரோ இருவரோதான் எல்லா வேலையும் பார்க்கிறார்கள். அலுவலகம் வாரத்தில் சில மணி நேரமே திறந்திருக்கும், நேரம் கதவில் ஒட்டியிருக்கும். கட்டணம் கேட்காவிட்டாலும் கோயிலுக்குக் காணிக்கை வைப்பது மரியாதை.

1895க்குப் பிந்தைய அரசுப் பதிவுகள் உடனே திறந்தவை அல்ல. பிறப்புக்கு 90, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 30 ஆண்டு கடந்தால்தான் ஆராய்ச்சிக்குத் திறக்கும். அதற்குள் வேண்டுமென்றால் நேரடி வாரிசு என்று காட்டும் ஆதாரத்தோடு சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பாட்டியின் கல்லறை கிடைக்கவில்லை. ஏன்?

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, பெயர். திருமணமான பெண்ணைக் கணவன் பெயரோடு "நே" என்ற விகுதி சேர்த்து எழுதுவது வழக்கம். கோவாச் யானோஷ்நே என்றால் கோவாச் யானோஷின் மனைவி, அவ்வளவுதான். பாட்டியின் சொந்தப் பெயர் கல்லில் இல்லாமலே போகலாம். ஆகவே தாத்தா பெயரில் தேடுங்கள்.

இரண்டு, தவணை. கல்லறை இடம் சொந்தமல்ல, குத்தகை. சவப்பெட்டி இடத்துக்கு 25 ஆண்டு, சாம்பல் மாடத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு, கட்டிய குடும்ப அறைக்கு 60 ஆண்டு. புதுப்பிக்காவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். கல்லில் அறிவிப்பு ஒட்டியிருப்பதைக் கண்டால் அன்றே அலுவலகத்துக்குப் போங்கள். இறந்தவர் பெயரும் இறந்த ஆண்டும் சொன்னால் பிரிவு, வரிசை, எண் பார்த்துச் சொல்வார்கள். வெளிநாட்டில் இருப்பவரும் தவணை கட்டலாம்.

மூன்று, சில பழைய கல்லறைத் தோட்டங்களே இப்போது இல்லை.

நவம்பர் 1 ஒட்டிப் போக முடிந்தால் போங்கள். சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக மாலையில் கல்லறை முழுக்க வெளிச்சம். நம் கல்லறைத் திருநாள் தெரிந்தவர்களுக்கு அந்த வாசனை பழகியதாகவே இருக்கும்.

பழைய வீட்டுக் கதவைத் தட்டலாமா?

தட்டலாம், ஆனால் முறையாக. ஊர் நடுவில் உள்ள வீடுகள் தெருவுக்குச் சின்ன முகமும் உள்ளே நீண்ட முற்றமுமாக இருக்கும். பெரிய வண்டிவாசலைத் தாண்டிய பிறகு பல குடும்பங்கள் வாழும். திறந்திருக்கிறதே என்று உள்ளே நடந்துவிடாதீர்கள். ஒரு பழைய படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் படம் பேசும். போரின்போதும் பிறகும் பறிபோன வீடுகள் நிறைய. சொத்துக் கேட்டு வந்தவரோ என்ற அச்சம் முதல் நிமிடத்தில் முகத்தில் தெரியும். "பார்க்க மட்டும்தான்" என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களைப் பெயர் சொல்லி மட்டும் அழைக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் பெண் என்றால் "நேனி", ஆண் என்றால் "பாச்சி": மாரி நேனி, யோஷ்கா பாச்சி. நம் அக்கா, அண்ணன் போலப் பெயரின் வாலில் ஒட்டும். சொல்லிப் பாருங்கள், கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். கோயிலில் வயதானவர்கள் "டிச்சேர்த்தெஷ்ஷேக் அ யேசுஷ் கிரிஸ்துஷ்" என்று வணங்கினால் "மின்தோரோக்கே, ஆமென்" என்று பதில். "இயேசுவுக்கே புகழ்" சொல்லி வளர்ந்தவர்களுக்குப் பொருள் விளக்க வேண்டியதில்லை.

பாட்டி வைத்திருந்த ஜோல்னாய் ஜாடி உண்மையானதா?

ஜோல்னாய் இந்த ஊரின் பீங்கான் தொழிற்சாலை. ஜாடியின் அடியைத் திருப்புங்கள். ஐந்து கோபுரங்கள் கொண்ட முத்திரை இருக்க வேண்டும். ஊரின் ஜெர்மன் பெயரிலுள்ள ஐந்து தேவாலயங்கள்தான் அவை. பல காலத்து முத்திரையில் டி, ஜே, எம் என்று மூன்று எழுத்து: தெரேஸ், யூலியா, மிக்லோஷ் என்ற ஜோல்னாய் வில்மோஷின் மூன்று பிள்ளைகள். முத்திரை மட்டும் போதாது, போலியும் அதை அச்சடிக்கும். 1893இல் வந்த ஈயோசின் மெருகு என்றால், ஜன்னலோரம் கொண்டுபோய் மெல்லச் சாய்த்தால் பச்சை நீலமாகி, செம்பாகி, மறுபடி பச்சையாகும். தட்டையாக ஒரே நிறம் மின்னினால் சந்தேகப்படுங்கள். ஸேச்சேனி தேரின் கீழ்ப்பக்கம் மாட்டுத்தலை நீரூற்றில் இதே மெருகு வெயிலில் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு வந்து ஒப்பிடலாம்.

ஊரில் கூரை, சிலை, அலங்காரத்துக்குப் பயன்பட்டது வேறு பொருள்: பைரோகிரானிட். உயர்ந்த வெப்பத்தில் சுட்டது, உறைபனியில் வெடிக்காது. அஞ்சல் மாளிகையின் கூரை ஓடுகளைக் கவனியுங்கள்.

50 ஆண்டுக்கு மேல் பழைய கலைப்பொருளை நாட்டை விட்டு எடுத்துப்போக ஏற்றுமதி அனுமதி தேவைப்படும். கடையில் வாங்கும்போதே அந்தத் தாளைக் கேளுங்கள். விமான நிலையத்தில் கேட்டுப் பயனில்லை.

அந்த இருபத்தைந்து மாடிக் கட்டடம் எங்கே?

இடித்துவிட்டார்கள். 1970களின் நடுவில் எழுந்த அந்தக் கோபுர வீட்டில் கான்கிரீட்டை இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் அரித்துப்போனதால், 1989இல் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் காலியாக நின்று, 2016இல் மேலிருந்து கீழாகப் பிரித்து எடுக்கப்பட்டது. 1980களில் ஊரை விட்டவர்கள் வழி கண்டுபிடிக்க முதலில் தேடுவது அதைத்தான். யுரேனியச் சுரங்கம் 1997இல் மூடியது. அதன் தொழிலாளர்களுக்குக் கட்டிய உரான்வாரோஷ் குடியிருப்பு மட்டும் பெயரோடு இருக்கிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

காலையில் திறந்ததும் நிலத்தடிக் கல்லறைகள், அங்கிருந்து பேராலயமும் கற்சிற்ப அருங்காட்சியகமும். நண்பகல் மணி அடிக்கும்போது பேராலயத்துக்கு வெளியே நில்லுங்கள். ஹங்கேரியர்கள் அந்த மணியை 1456இல் நாந்தோர்ஃபெஹேர்வாரில், இன்றைய பெல்கிரேடில், துருக்கியரைத் தடுத்த வெற்றியோடு சேர்த்தே கேட்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு ஜாமி. பிறகு குடும்பத் தெரு, கல்லறை. நேரம் மிஞ்சினால் 35ஆம் எண் பேருந்தில் மெச்செக் மலையின் மிஷினா உச்சிக்கு ஏறிவிடுங்கள். 1973இல் கட்டிய தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து நான்கு கோபுரமும் பச்சைக் குவிமாடமும் ஹவிஹெஜ்ஜின் வெள்ளைச் சுவரும் ஒரே பார்வையில் விழும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.